சங்கப் பாடல்களைப் புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சங்க இலக்கியத்தைப் படிப்பது என்று முடிவு செய்ததும் நான் செய்த முதல் காரியம், பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அடங்கிய முழுத் தொகுதியையும் ஒரே நேரத்தில் வாங்கியது. முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து படிப்பதே முறை என்று எண்ணித் திருமுருகாற்றுப்படையை எடுத்தேன். 317 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் ஒரு வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே எனக்குப் பிடிபடவில்லை. உரையைப் பார்த்தால், அந்த உரைக்கே இன்னோர் உரை வேண்டியிருந்தது. இரண்டாவது வாரத்தில் நிறுத்தியவன், அடுத்த இரண்டு ஆண்டுகள் அந்தத் தொகுதிகளைத் திறக்கவே இல்லை.

பிழை என் தமிழில் இல்லை, தொடங்கிய இடத்தில்தான் இருந்தது என்பதைப் பிறகு உணர்ந்தேன். நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். வேலை முடிந்து வந்து இரவில் அரை மணி நேரம் படிக்கும் சாதாரண வாசகன். அந்த நிலையில் இருக்கும் ஒருவர் என்னைப்போல் இரண்டு ஆண்டுகளை இழக்காமல் இருக்க, எந்த நூலை முதலில் எடுப்பது, எவற்றைக் கையில் வைத்துக்கொள்வது, எவ்வளவு செலவும் காலமும் ஆகும் என்பவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

1. குறுந்தொகையிலிருந்து தொடங்குங்கள்

தொடங்குவதற்கு அளவு முக்கியம். அகநானூற்றுப் பாடல்கள் 13 முதல் 31 அடி வரையும், நற்றிணைப் பாடல்கள் 9 முதல் 12 அடி வரையும் செல்பவை. மதுரைக்காஞ்சியோ 782 அடிகள் கொண்ட ஒரே பாட்டு. குறுந்தொகையில் 307, 391 ஆகிய இரண்டு பாடல்கள் மட்டும் ஒன்பது அடியில் அமைய, மற்றவை நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிடுகின்றன. ஒரு பாடல் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். கடினமான பாடலாக இருந்தாலும் அன்றைக்கே அதை முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு உறங்கலாம்.

குறுந்தொகைக்குள்ளும் முதல் பாடலிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். இந்தத் தொகை கதைபோல வளர்வதன்று; ஒவ்வொரு பாடலும் தனித்து நிற்பது. எனக்கு வழி திறந்த பத்துப் பாடல்களின் எண்கள்: 3, 6, 25, 27, 28, 40, 49, 58, 167, 290. இவற்றுள் 40ஆம் பாடலை நீங்கள் பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். 58ஆம் பாடலை அவசியம் படியுங்கள். வெயிலில் காயும் பாறையின்மேல் வெண்ணெய் உருகுகிறது. அதைக் காவல் காப்பவனுக்குக் கையும் இல்லை, வாயும் இல்லை. தலைவனின் காதல் நோயை வெள்ளிவீதியார் அவன் வாய்மொழியாக அவ்வாறு சொல்வதைப் படித்த இரவில் நான் வேறு எதையும் படிக்கவில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, சந்தி பிரித்த மூலம். பழைய பதிப்புகளில் பாடல்கள் சீர் பிரித்து அச்சிடப்பட்டிருக்கும்; அதாவது ஓசைக்கு ஏற்பச் சொற்கள் நடுவில் வெட்டப்பட்டிருக்கும். "தான்றுழந் தட்ட" என்று அச்சில் இருப்பதை "தான் துழந்து அட்ட" என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் கடினம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் இவ்வாறு சந்தி பிரித்துத் தந்தவை. பிற்காலப் பதிப்புகள் பலவும் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

இரண்டாவது, ஓர் உரை. ஒன்றே ஒன்று போதும். குறுந்தொகைக்கு உ. வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு என் பரிந்துரை. அதில் பதவுரையும் முடிபும் (சொற்கள் எப்படிக் கூடி வாக்கியமாக முடிகின்றன என்பது) கருத்தும் விளக்கமும் தனித்தனியாக இருப்பதால், எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எடுத்துக்கொள்ள முடிகிறது. அதன் முன்னுரையும் ஆராய்ச்சிப் பகுதியும் மிக அரியவை என்றாலும், முப்பது பாடல்களாவது படித்த பிறகே அவற்றுக்குச் செல்லுங்கள். எளிய நடை வேண்டுவோருக்குப் புலியூர்க் கேசிகனின் தெளிவுரைகள் உண்டு. தெளிவுரையை மட்டும் வைத்துக்கொள்வதில் ஒரு குறை இருக்கிறது: பாடலின் சாரம் கிடைக்கும், எந்தச் சொல் அந்தப் பொருளைத் தந்தது என்பது விளங்காது.

மூன்றாவது, அகராதி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் தேடும் வசதியுடன் கிடைக்கிறது. பேச்சுத் தமிழுக்கான சிறிய கையகராதி இந்த வேலைக்குப் பயன்படாது.

நான்காவது, ஒரு குறிப்பேடு. இதைப் பலர் தேவையற்றது என்று கருதுகிறார்கள். அது ஏன் தேவை என்பது நான்காம் படியில் விளங்கும்.

3. செலவு

முதல் மூன்று மாதங்களுக்குக் குறிப்பேட்டைத் தவிர வேறு செலவே வேண்டியதில்லை. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் சங்க நூல்களின் மூலங்கள் இலவசமாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மூலத்தோடு உரைகளும் இருக்கின்றன. பழைய பதிப்புகளின் ஒளிவருடிய படிகளும் இணையத்தில் கிடைக்கும். சட்டச் சிக்கல் ஏதும் வருமோ என்று தயங்க வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் முடிந்ததும் பதிப்புரிமை நீங்கிவிடும். உ. வே. சா. 1942இல் மறைந்தார், ஆகவே அவருடைய உரைகள் 2003 முதல் எல்லாருக்கும் பொதுவானவை.

இதே காரணத்தால்தான் கடையில் வாங்கும்போது கவனம் தேவைப்படுகிறது. உரிமை நீங்கிய நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஒரே உரை பல பதிப்பகங்களிலிருந்து வருகிறது, அச்சுப்பிழை திருத்தமும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது. நான் முதலில் வாங்கிய தொகுதியில் ஒரு பாடலின் நடுவில் ஓர் அடியே விடுபட்டிருந்தது. பொருள் புரியாததற்கு என் அறியாமையே காரணம் என்று பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன் ஏதேனும் இரண்டு பாடல்களைக் கைப்பேசியில் உள்ள மின்பதிப்போடு அடிக்கு அடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை அது. மின்பதிப்பிலும் தட்டச்சுப் பிழை இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் உரையுடன் கூடிய குறுந்தொகை ஒன்றை மட்டும் வாங்குங்கள். முழுத் தொகுதி வேண்டாம். அதன் விலை பல மடங்கு என்பதோடு, அலமாரியில் படிக்காமல் வரிசையாக நிற்கும் நூல்கள் நாள்தோறும் மனத்தைச் சோர்வடையச் செய்கின்றன.

பழைய ஒளிவருடிய படிகளைப் படிப்போர் இன்னொன்றை அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வரும் முன்பு, லை, னை, ணை, றா, னா போன்ற எழுத்துகளின் வடிவம் வேறு. பாடல் எண்கள் தமிழ் எண்களில் இருப்பதும் உண்டு. பத்துப் பக்கங்களில் கண் பழகிவிடும்.

4. ஒரு பாடலைப் படிக்கும் முறை

இந்தப் படிதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. எனவே ஒரு பாடலை வைத்தே விளக்குகிறேன். குறுந்தொகை 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது, ஆறு அடிகள்.

முதலில் உரையை மூடி வைத்துவிட்டு, மூலத்தை மட்டும் வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். பொருள் புரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்" என்ற முதல் அடியில் தயிர், பிசைந்த, மெல்விரல் ஆகிய மூன்றும் நமக்குத் தெரிந்த சொற்கள்தாம். பாடலில் கணவன் வருகிறான், கண் வருகிறது, புகை வருகிறது, புளிப்பு வருகிறது. யாரோ சமைக்கிறார்கள் என்பது அகராதி இல்லாமலே தெரிந்துவிடுகிறது. தெரிந்த சொற்களை இவ்வாறு முதலில் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாடலின் கடைசி அடிக்குச் செல்லுங்கள். திருமுருகாற்றுப்படையில் நான் தடுமாறியது இந்த ஒரு பழக்கம் இல்லாமையால்தான். சங்கப் பாடல்களில் முழுப் பாடலும் ஒரே வாக்கியமாக இருப்பது மிக இயல்பு. அந்த வாக்கியத்தைத் தாங்கி நிற்கும் எழுவாயோ வினைமுற்றோ பெரும்பாலும் இறுதியில் இருக்கும். இப்பாடல் "நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே" என்று முடிகிறது. எழுவாய் முகம்; வினை மகிழ்ந்தது. யாருடைய முகம்? ஒளி பொருந்திய நெற்றியை உடையவளின் முகம். அவ்வளவுதான் வாக்கியம். மேலே உள்ள ஐந்து அடிகளும் அந்த முகம் ஏன் மகிழ்ந்தது என்பதைச் சொல்பவை.

மூன்றாவதாக, தெரியாத சொற்களை மட்டும் அகராதியில் பாருங்கள். குய் என்றால் தாளிப்பு. அட்ட என்றால் சமைத்த. அடுப்பு என்ற சொல்லில் அந்த வேர் இன்றும் இருக்கிறது. கலிங்கம் என்றால் ஆடை. "கழாஅது", "உடீஇ" என்ற வடிவங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நடுவிலும் இறுதியிலும் வரும் அந்த உயிரெழுத்துகள் ஓசையை நீட்டுவதற்கானவை. கழுவாது, உடுத்து என்றே பொருள் கொள்ள வேண்டும்.

நான்காவதாகத்தான் உரை. தயிர் பிசைந்த விரலைத் துடைத்துக்கொண்ட ஆடையைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்களில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மகிழ்கிறது. இதைச் சொல்பவள், மகள் குடும்பம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய். கேட்பவள் பெற்ற தாய்.

ஐந்தாவதாக, பாடலை உங்கள் சொந்தச் சொற்களில் இரண்டு மூன்று வாக்கியங்களாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். உரையாசிரியரின் வாக்கியத்தைப் பார்த்து எழுதக் கூடாது. எழுதத் தொடங்கியதும் எந்த இடம் உண்மையில் புரியவில்லை என்பது உடனே வெளிப்பட்டுவிடும். இப்பாடலை எழுதிப் பார்த்தபோதுதான் "நுண்ணிதின்" என்ற சொல் என்னைத் தடுத்து நிறுத்தியது. அவள் சிரித்தாள் என்று பாடல் சொல்லவில்லை. முகத்தில் தோன்றியும் தோன்றாமலும் இருந்த அந்த மாற்றத்தை, அவளைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவள் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். அதனால்தான் பாடல் செவிலியின் கூற்றாக அமைந்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

கடைசியாக மூலத்தை இன்னொரு முறை வாய்விட்டுப் படியுங்கள். முதல் முறை கரடுமுரடாக ஒலித்த அடிகள் இப்போது வேறு விதமாக ஒலிக்கும்.

5. தெரிந்ததுபோல் தோன்றி ஏமாற்றும் சொற்கள்

தெரியாத சொல்லால் பெரிய தீங்கு இல்லை, அகராதி இருக்கிறது. தெரிந்த சொல்தான் நம்மை வழி தவறச் செய்கிறது. பாலைப் பாடல்களில் தலைவன் சுரம் (வறண்ட காட்டு வழி) "இறந்தான்" என்று வரும்போது அவன் மாண்டுவிட்டான் என்று எண்ணி ஒரு பாடலையே தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தேன். அங்கே இறத்தல் என்றால் கடத்தல். கவலை என்பது பல இடங்களில் கிளை பிரியும் வழி. நாற்றம் நறுமணத்தையும் குறிக்கும். கண்ணி தலையில் சூடும் பூமாலை. கிழவன், கிழவி என்பவர்கள் முதியோர் அல்லர். உரிமை உடைய தலைவனும் தலைவியுமே.

உறவுச் சொற்களிலும் கவனம் வேண்டும். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். 40ஆம் பாடலின் முதல் அடி முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி ஓர் இலக்கண வடிவம். குறுந்தொகை 3இல் நட்பு வானைக் காட்டிலும் "உயர்ந்தன்று" என்று வருகிறது. இன்றைய காதுக்கு அது உயர்ந்தது அல்ல என்று கேட்கிறது. உண்மையில் அதற்கு உயர்ந்தது என்றே பொருள். மேலே பார்த்த "மகிழ்ந்தன்று" மகிழ்ந்தது என்பதே. ஆறாம் பாடலின் "நள்ளென்றன்றே" நள்ளென்றது என்பதே. இறந்தகால வினையோடு இவ்வாறு ஒட்டி வரும் "அன்று" எதிர்மறை தருவதில்லை. இந்த ஒன்றைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

6. திணையும் கூற்றும்

அகப்பாடலில், அதாவது காதலைப் பாடும் பாடலில், யாருக்கும் பெயர் இராது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று ஒரு சிறு கூட்டம்தான். யார் யாரிடம் பேசுகிறார் என்பதைப் பாடலோடு தரப்படும் கூற்றுக் குறிப்பு சொல்லிவிடும். அதை விட்டுவிட்டுப் படித்தால், தோழியின் கண்டிப்பைத் தலைவியின் புலம்பலாக எடுத்துக்கொள்ள நேரிடும்.

திணையை, அதாவது நிலத்தையும் உணர்வையும் கொண்டு பாடல்களைப் பிரிக்கும் வகையைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் இவ்வளவு போதும்: குறிஞ்சி கூடல், முல்லை காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிவு. முதல், கரு, உரி என்று பட்டியல்களை மனப்பாடம் செய்துவிட்டுப் பாடலுக்கு வர வேண்டும் என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. முப்பது பாடல் படித்தவருக்கு அந்தப் பட்டியல் தானாகவே மனத்தில் அமைந்துவிடும். ஒரு பாடலும் படிக்காதவருக்கு அது தேர்வுப் பாடமாகவே இருக்கும்.

7. காலம்

முதல் பாடலுக்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பத்தாவது பாடலுக்கு நாற்பது நிமிடம். முப்பதாவது பாடலை அடைந்தபோது இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. வாரத்துக்கு மூன்று புதிய பாடல்கள், ஒரு நாள் பழைய பாடல்களைத் திரும்பப் படித்தல் என்ற அளவே நீடித்து நிற்கிறது. இந்தக் கணக்கில் பத்து வாரத்தில் முப்பது பாடல்கள் ஆகும். குறுந்தொகையின் 401 பாடல்களையும் முடிக்க இரண்டரை ஆண்டு ஆகும். முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நாளொன்றுக்கு ஐந்து பாடல் என்று தொடங்கியவர்கள் மூன்றாம் வாரத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

திரும்பப் படிக்கும் நாளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். கபிலர் பாடிய 25ஆம் பாடலில், தலைவன் தன்னோடு கூடிய நாளில் சாட்சியாக வேறு யாரும் இல்லை என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற கால்களுடன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. முதல் முறை அந்தப் பறவையை இயற்கை வருணனை என்று கடந்துவிட்டேன். மூன்றாம் முறை படித்தபோதுதான், இருந்த ஒரே சாட்சியும் அவர்களைப் பார்க்கவில்லை, மீனையே பார்த்துக்கொண்டிருந்தது என்பது உறைத்தது. அவன் பொய் சொன்னால் அவளுக்கென்று பேச உலகத்தில் எவரும் இல்லை. ஐந்து அடிப் பாடலில் இது இருக்கிறது. எனக்கு அது கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று.

8. அடுத்து எடுக்க வேண்டியவை

முப்பது நாற்பது குறுந்தொகைப் பாடல்கள் ஆனதும் புறநானூற்றுக்குச் செல்லலாம். அங்கும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் வரிசையாக வேந்தர் புகழ் வந்து சலிப்பூட்டக்கூடும். 112, 164, 188, 194, 243, 255 ஆகியவற்றை முதலில் படியுங்கள். 243ஆம் பாடலில் தண்டூன்றி நடக்கும் ஒரு முதியவர், இளமையில் மரக்கிளையேறி மடுவில் குதித்ததை நினைக்கிறார். 255ஆம் பாடலில் போர்க்களத்தில் வீழ்ந்த கணவன் அருகே நிற்பவள், ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடுமே என்று அஞ்சுகிறாள். உரைக்கு ஔவை சு. துரைசாமிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் புறநானூற்றுப் படியில் 267, 268 ஆகிய பாடல்கள் இல்லையென்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அவை கிடைக்காமலே போய்விட்டன. இடையிடையே புள்ளிகள் இட்டிருக்கும் அடிகளும் ஏட்டில் சிதைந்துபோனவையே. ஐங்குறுநூற்றிலும் 129, 130 கிடைக்கவில்லை.

பத்துப்பாட்டில் முதலில் 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டு, பிறகு 188 அடிகள் கொண்ட நெடுநல்வாடை என்ற வரிசை எளிது. நச்சினார்க்கினியர் உரை மட்டும் உள்ள பதிப்பை இப்போது வாங்காதீர்கள். தொலைவில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் கொள்ளும் அவருடைய முறையைப் பின்தொடர்வதற்குப் பழக்கம் வேண்டும். திருமுருகாற்றுப்படையை நான் இவ்விரண்டுக்கும் பிறகுதான் மீண்டும் எடுத்தேன். கடைசி அடியிலிருந்து எழுவாயைத் தேடும் பழக்கம் கைவந்திருந்ததால், வாக்கியங்கள் இம்முறை பிரிந்து நின்றன.

கதையோடு படிக்க விரும்புவோர் சிலப்பதிகாரத்துக்கு வரலாம். முப்பது காதைகளுக்கும் ந. மு. வேங்கடசாமி நாட்டார் உரை இருக்கிறது. அதில் மூன்றாவதான அரங்கேற்று காதை ஆடல், இசை, அரங்கம் ஆகியவற்றின் நுட்பச் சொற்களால் நிறைந்தது. நூலை அங்கேயே மூடிவிட்டவர்கள் பலர். அந்தக் காதையின் பொழிப்பை மட்டும் ஒரு முறை பார்த்துவிட்டு நான்காம் காதைக்குப் போய்விடுங்கள். இருபதாவதான வழக்குரை காதையை முடித்த பிறகு, மாதவி ஆடிய அந்த மேடையை ஒவ்வொரு சொல்லாக அளந்து பார்க்க நேரம் ஒதுக்கி மூன்றாம் காதைக்குத் திரும்பி வரலாம்.